கொஞ்சம் வேகம் கூட்டினால் குடியா முழுகிவிடும்?

ராத்திரி பத்தரை மணிக்கு டெலிபோன் அடித்தால் எங்கள் வீட்டில் இரண்டே காரணம்தான். ஒன்று, சொந்தத்தில் வயதானவர் யாராவது... வேண்டாம், அதை விடுங்கள். இரண்டாவது, அக்கா மகன்.

"மாமா, தூங்கிட்டீங்களா?"

"தூங்கிட்டேன். சொல்லு."

"கார்டு வந்துடுச்சு மாமா. மாட்டிட்டேன். ஆனா ஓட மாட்டேங்குது."

"ஓடவே இல்லையா?"

"ஓடுது... ஆனா நொண்டுது!"

பையன் இருப்பது அனந்தபுரத்தில். செஞ்சிக் கோட்டைக்குப் பக்கத்துப் பேரூர். பகலில் செஞ்சியில் ஒரு ஆபீஸில் கணக்கு எழுதுகிறான். ராத்திரியில் ஒரு ஸ்டூடியோவுக்குக் கல்யாண வீடியோ எடிட் பண்ணிக் கொடுக்கிறான். மிச்சம் மீதி நேரத்தில் அதே கம்ப்யூட்டரில் கார் ஓட்டுகிறான், கட்டடத்தின் மேலிருந்து குதிக்கிறான், நாலு பேரைச் சுடுகிறான். எல்லாம் கேம்ஸில்தான். நேரில் பார்த்தால் எறும்பைக்கூட ஒதுங்கி நின்று வழியனுப்பி வைப்பான்.

தீபாவளி போனஸில் முக்கால்வாசியைக் கொட்டி, சென்னை ரிச்சி தெருவிலிருந்து பழைய கிராஃபிக்ஸ் கார்டு ஒன்றை வரவழைத்திருந்தான். என்விடியா கம்பெனி 2016-ல் விட்ட ஜி.டி.எக்ஸ். 1060. பழசானாலும் கெட்டிக்காரக் கார்டு. அவனுடைய கம்ப்யூட்டருக்குள் இருந்ததோ அதைவிடப் பழசு. 2011 ஜனவரியில் வந்த இன்டெல் ஐ5-2500கே ப்ராஸஸர். யாரோ வேண்டாமென்று தள்ளிவிட்டதைச் சல்லிசாக வாங்கியது.

"புதுக் கார்டு போட்டா நூறு ஃப்ரேம் வரும்னாங்க மாமா. நாற்பத்தி நாலுதான் வருது. என் காசு போச்சா?"

கடைசிக் கேள்வியில் குரல் உடைந்தது. எனக்குத் தூக்கம் போயே போய்விட்டது.

ராஜகிரிப் பாலமும் ஒரு கட்-அவுட்டும்

"நீ ராஜகிரி ஏறியிருக்கியா?" என்று கேட்டேன்.

"என்ன மாமா... அனந்தபுரத்துக்காரனைப் பார்த்துக் கேக்குற கேள்வியா இது?"

செஞ்சிக்குப் போனவர்களுக்குத் தெரியும். ராஜகிரி சுமார் 800 அடி உயரம். மூச்சு வாங்க வாங்க ஏறி, உச்சி வந்துவிட்டது என்று சந்தோஷப்படும்போது குறுக்கே ஒரு பிளவு வரும். ஏறக்குறைய 24 அடி அகலம், 60 அடி ஆழம். அதன்மேல் சின்னதாக ஒரு பாலம். அந்தக் காலத்தில் எதிரி வந்தால் மரப்பாலத்தை எடுத்துவிடுவார்கள், அவ்வளவுதான். கீழே பத்தாயிரம் பேர் நின்றாலும் மேலே போக வழி கிடையாது. அவுரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் 1690-ல் முற்றுகையைத் தொடங்கி, 1698-ல்தான் கோட்டையைப் பிடித்தார். எட்டு வருஷம்! சும்மாவா 2025 ஜூலையில் யுனெஸ்கோ இந்தக் கோட்டையை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது? மராட்டியர்களின் ராணுவத் தலங்கள் என்று பன்னிரண்டு கோட்டைகளைச் சேர்த்தார்கள். பதினொன்று மகாராஷ்டிரத்தில், பாக்கி ஒன்று நம்ம செஞ்சி.

விஷயம் என்னவென்றால், எத்தனை பெரிய படையாக இருந்தாலும் அந்தப் பாலத்தின் அகலம்தான் அதன் வேகம். கம்ப்யூட்டர்காரர்கள் இதைத்தான் 'பாட்டில்நெக்' என்கிறார்கள். பாட்டில் எவ்வளவு பெரிசாக இருந்தால் என்ன, கழுத்து வழியாகத்தானே தண்ணீர் வர வேண்டும்? கோட்டைக்கு இது பலம். கம்ப்யூட்டருக்குப் பலவீனம்.

இன்னும் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். சினிமா கட்-அவுட் வரையும் இடத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பெரிய ஓவியர் ஒருவர் கரிக்கோட்டில் உருவத்தைப் போட்டுக் கொடுக்கிறார். "இங்கே மூக்கு, இங்கே மீசை, இங்கே அரிவாள்..." கீழே நூறு பெயின்டர்கள் பிரஷ்ஷும் கையுமாகக் காத்திருந்து, கோடு வந்ததும் சரசரவென்று வண்ணம் அடித்துவிடுகிறார்கள். ஓவியர்தான் ப்ராஸஸர். நூறு பெயின்டர்கள்தான் கிராஃபிக்ஸ் கார்டு.

கேம்ஸில் ஒவ்வொரு காட்சிக்கும் இதுதான் நடக்கிறது. எந்தக் கார் எங்கே போகிறது, யார் யாரை இடித்தார்கள், குண்டு பட்டதா படவில்லையா என்றெல்லாம் கணக்குப் போட்டு, 'இதை வரை' என்று உத்தரவு தருவது ப்ராஸஸரின் வேலை. வரைந்து வண்ணம் தீட்டுவது கார்டின் வேலை.

ஒரு காட்சிக்கு ஓவியருக்கு 20 மில்லி செகண்ட், பெயின்டர்களுக்கு 10 மில்லி செகண்ட் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். செகண்டுக்கு எத்தனை படம் வரும்? பெயின்டர்கள் கணக்கில் நூறு. ஆனால் ஓவியர் கணக்கில் ஐம்பதுதான். அந்த ஐம்பதுதான் உங்கள் கண்ணுக்குக் கிடைக்கும். பெயின்டர்கள் பாதி நேரம் வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இன்னும் நூறு பெயின்டர்களைக் கூட்டி வந்தாலும் வெற்றிலைச் செலவுதான் கூடும்!

"அப்ப எனக்கு ஓவியர்தான் ப்ராப்ளமா மாமா?"

"இருக்கலாம். முதல்ல டெஸ்ட் பண்ணு."

காசில்லாமல் இரண்டு பரிசோதனை

முதல் பரிசோதனை: கேம்ஸின் செட்டிங்ஸில் போய்ப் படத்தின் அளவை, அதாவது ரெசல்யூஷனை, நன்றாகக் குறையுங்கள். பெயின்டர்களுக்கு வேலை குறையும். ஓவியருக்கு வேலை ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். படம் மங்கலாகி, வேகம் எகிறினால் குற்றவாளி கார்டு. படம் மங்கலாகியும் வேகம் அசைந்து கொடுக்கவில்லையா? குற்றவாளி ப்ராஸஸர்.

இரண்டாவது: கேம்ஸ் ஓடும்போதே யார் எவ்வளவு உழைக்கிறார்கள் என்று காட்டும் இலவச சாஃப்ட்வேர்கள் இருக்கின்றன. கார்டு 95, 98 சதவிகிதம் என்று காட்டினால் சந்தோஷம், கொடுத்த காசுக்கு உழைக்கிறது. ஐம்பது, அறுபதில் நின்றால் வெற்றிலை போட்டுக்கொண்டிருக்கிறது. இங்கே ஒரு சூட்சுமம். ப்ராஸஸரின் மொத்தக் கணக்கை நம்பாதீர்கள். நாலு தலை இருக்கும் ப்ராஸஸரில் ஒரே ஒரு தலை முழுசாகத் திணறிக்கொண்டிருக்கும், மற்ற மூன்றும் பாதி தூக்கத்தில் இருக்கும். சராசரி பார்த்தால் '60 சதவிகிதம்தானே' என்று தோன்றும். எந்த ஆபீஸிலும் இப்படி ஒருத்தர் உண்டு என்பது உங்களுக்கே தெரியும். அநேகமாக அது நீங்கள்தான்!

பையன் இரண்டையும் செய்து பார்த்துவிட்டு, பதினொன்றரைக்கு மறுபடி போன் பண்ணினான். ரெசல்யூஷனைக் குறைத்தாலும் அதே நாற்பத்தி நாலு. கார்டு 58 சதவிகிதம்.

"ஓவர்க்ளாக் பண்ணிடட்டுமா மாமா?"

"தொடாதே! ஞாயித்துக்கிழமை நான் வர்றேன்."

அவசரமாகச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. இருபத்தைந்து வருஷத்துக்கு மேலான காயம் அது.

நெயில் பாலீஷ் வாங்கிய பிரம்மச்சாரி

ப்ராஸஸர் என்பது தாளத்துக்கு வேலை செய்யும் யந்திரம். உள்ளே ஒரு தாளம் ஓடிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு அடி எடுத்து வைக்கும். கம்பெனி நிர்ணயித்த தாளத்தைவிட வேகமாகத் தட்டி ஓட வைப்பதுதான் ஓவர்க்ளாக். மேளக்காரர் வேகம் கூட்டினால் நாகஸ்வரக்காரர் மூச்சு முட்ட வாசிப்பார் இல்லையா, அதேதான்.

இது இன்று நேற்று வந்த வித்தை இல்லை. 1984-ல் ஐ.பி.எம். கம்பெனி 'ஏ.டி.' என்ற கம்ப்யூட்டரை 6 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் விட்டது. உள்ளே தாளம் போடுவது 12 மெகாஹெர்ட்ஸ் கிறிஸ்டல் ஒன்று. அதைப் பிடுங்கிவிட்டு 16 மெகாஹெர்ட்ஸ் கிறிஸ்டலைச் செருகினால் கம்ப்யூட்டர் 8-ல் ஓடும். சில டாலர் செலவில் மூன்றில் ஒரு பங்கு வேகம் லாபம்! ஐ.பி.எம். சும்மா இருக்குமா? பிற்பாடு வந்த மெஷின்களில், வேகம் கூடியிருந்தால் கண்டுபிடித்துக் கிளம்பவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும் ஏற்பாட்டைச் செய்தது.

அதற்கப்புறம் 1998 ஆகஸ்ட். இன்டெல் ஒரே நாளில் இரண்டு ப்ராஸஸர்களை வெளியிட்டது. ஒன்று, பென்டியம்-2, 450 மெகாஹெர்ட்ஸ், 669 டாலர். இன்னொன்று ஏழைகளுக்கான செலிரான் 300ஏ, 300 மெகாஹெர்ட்ஸ், 149 டாலர். இந்தச் செலிரானின் கணக்கு 66 பெருக்கல் நாலரை. அந்த 66-ஐ 100 ஆக்கினால்? 450! பெரும்பாலான சில்லுகள் முகம் சுளிக்காமல் 450-ல் ஓடின. காரணம், அவற்றை வார்த்த விதமே நல்ல விதம். விற்பனைக்காகத்தான் வேகத்தைக் குறைத்து ஒட்டியிருந்தார்கள். போதாக்குறைக்கு, அதன் உள்ளேயே 128 கே.பி. கேஷ் மெமரி முழு வேகத்தில் ஓடியது. உலகம் முழுக்க இளைஞர்கள் பைத்தியமானார்கள்.

அந்தப் பைத்தியங்களில் ஒன்று திருவல்லிக்கேணி மேன்ஷனில் இருந்தது. அடியேன்தான்.

ரிச்சி தெருவில் செலிரான் 300ஏ வாங்கினேன். ஆனால் என் மதர்போர்டு 66-க்கு மேல் போக மாட்டேன் என்றது. அதற்கும் ஒரு வித்தை உண்டு. ப்ராஸஸர் அட்டையின் விளிம்பில் பி21 என்று ஒரு பின். அதை மூடிவிட்டால், வந்திருப்பது 100 மெகாஹெர்ட்ஸ் சில்லு என்று போர்டு ஏமாந்துவிடும். மூடுவதற்கு உலகமே சிபாரிசு செய்தது இரண்டு சாதனங்களை. ஒன்று செல்லோடேப். இன்னொன்று நெயில் பாலீஷ். டேப் சரியாக ஒட்டாததால் நான் பைகிராஃப்ட்ஸ் ரோடு ஃபேன்ஸி ஸ்டோருக்குப் போய் நின்றேன்.

"என்ன கலர் சார்?"

"எந்தக் கலரானாலும் பரவாயில்லை."

கடைப் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அவங்களுக்கு என்ன கலர் பிடிக்கும்னு கேட்டுட்டு வாங்க சார்!"

அவங்க யாரும் இல்லை, ஒரு ப்ராஸஸருக்குத்தான் என்று சொன்னால் அந்தக் கடையில் எனக்கு மரியாதை இருந்திருக்குமா? ரோஸ் கலர் வாங்கி வந்தேன். மேன்ஷன் முழுக்க ஒரு மாசம் என் கல்யாணப் பேச்சுதான்.

450-ல் அருமையாக ஓடியது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆசை யாரை விட்டது? 100 ஓடினால் 112 ஓடாதா என்று தள்ளினேன். 504 மெகாஹெர்ட்ஸ்! ராத்திரி முழுக்க கேம்ஸ் ஓடியது. காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். அதே வாரம் ஆபீஸ் சம்பளக் கணக்கை ஃப்ளாப்பியில் கொண்டுவந்து, ஞாயிறு பூராவும் உட்கார்ந்து முடித்து ஹார்ட் டிஸ்க்கில் சேமித்தேன். திங்கட்கிழமை காலை ஃபைலைத் திறந்தால்... எண்கள் இருந்த இடத்தில் சதுரமும் சிரிக்கும் பொம்மையும்! அந்த முறையில் தாளத்தைக் கூட்டினால் ப்ராஸஸர் மட்டும் வேகமாக ஓடாது. மெமரி, ஹார்ட் டிஸ்க் எல்லாமும் சேர்ந்து இழுபடும். ஓடுகிறது என்பது வேறு, சரியாக ஓடுகிறது என்பது வேறு. அந்த மாசம் நாற்பது பேருக்குச் சம்பளம் இரண்டு நாள் லேட். அதில் ஒருவருக்கு மகள் பிரசவ நேரம். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் இந்நேரம் மறந்திருப்பேன்.

அனந்தபுரத்தில் ஆபரேஷன்

ஞாயிறு காலை போய் இறங்கினேன். மே மாசம். அக்னி நட்சத்திரம். அறைக்குள்ளேயே 38 டிகிரி. அக்கா மோர் கொடுத்துவிட்டு, "அந்தப் பெட்டியை ரெண்டு பேரும் சேந்து ஒரேயடியா முடிச்சிடுங்கடா" என்று வாழ்த்திவிட்டுப் போனாள்.

"வீடியோ எல்லாம் இன்னொரு டிஸ்க்குல காப்பி இருக்கா?" என்றேன்.

"எதுக்கு மாமா? நாம வேகத்தைத்தானே ஏத்தப் போறோம்?"

"இப்ப கையில என்ன வேலை இருக்கு?"

"ஒரு முகூர்த்தம். ஸ்டூடியோல கேமரா கார்டை அழிச்சு அடுத்த கல்யாணத்துக்கு எடுத்துட்டுப் போயிட்டாங்க. இதுலதான் இருக்கு."

எனக்குப் பகீரென்றது. ஒரு குடும்பத்தின் முகூர்த்தம், தாலி கட்டுவதும் தாத்தா பாட்டி ஆசீர்வாதமும், உலகத்திலேயே இந்த ஒரு டிஸ்க்கில்தான். கார்டு போனால் கார்டு வாங்கலாம். ப்ராஸஸர் போனால் ப்ராஸஸர் வாங்கலாம். முகூர்த்தத்தை எங்கே போய் வாங்குவது? வெளி டிஸ்க் ஒன்றில் எல்லாவற்றையும் காப்பி எடுக்க வைத்தேன். ஐம்பது நிமிஷம். பையன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான்.

பிறகு பெட்டியைத் திறந்தோம். உள்ளே செஞ்சி மண்ணில் கால்வாசி இருந்தது! ஃபேன் இதழ்களில் தூசி மெத்தை. ப்ராஸஸருக்கும் கூலருக்கும் நடுவில் தடவும் பேஸ்ட் வறண்டு சுண்ணாம்பாகியிருந்தது. சுத்தம் செய்து புதுப் பேஸ்ட் தடவினோம். மெமரியைப் பார்த்தேன். 4 ஜி.பி. குச்சிகள் இரண்டு, பக்கத்துப் பக்கத்து ஸ்லாட்டில். அந்த போர்டில் ஒன்று விட்டு ஒன்று செருகினால்தான் இரண்டு வழிப்பாதை. பக்கத்தில் பக்கத்தில் செருகினால் ஒற்றை வழிதான். மாற்றிச் செருகினோம். செலவு, பூஜ்யம்.

கேம்ஸைப் போட்டால் 44 இருந்த இடத்தில் 48. பையன் வாயைப் பிளந்தான். "ஓவர்க்ளாக் பண்ணாமலேவா!"

மருந்துக்கு முன்னால் பத்தியம். அதுதான் முறை.

அடுத்து, விஷயத்துக்கு வந்தோம். இந்த 2500கே-யில் அந்தக் 'கே' என்ற எழுத்துதான் அதிர்ஷ்டம். செலிரான் காலத்திலேயே இன்டெல், பெருக்கும் எண்ணைப் பூட்டு போட்டுப் பூட்டி வைத்திருந்தது. பிற்பாடு 'கே' என்று முடியும் சில்லுகளுக்குப் பூட்டைத் திறந்து கொஞ்சம் கூடுதல் விலைக்கு விற்றது. மதர்போர்டும் அதற்கு இடம் கொடுக்க வேண்டும். இங்கே அடிப்படைத் தாளம் 100. அதைத் தொட வேண்டாம். பெருக்கும் எண்ணை மட்டும் 34, 38, 40 என்று ஏற்றலாம். அதனால் மெமரியும் டிஸ்க்கும் தம் பாட்டுக்கு ஓடும், என் பழைய விபத்து நடக்காது. ஏ.எம்.டி. கம்பெனியில் 2017-க்குப் பிறகு வந்த ரைசன் சில்லுகளில் பெரும்பாலும் பூட்டே கிடையாது.

நாலு தலையும் உழைக்கும்போது இவன் சில்லின் வேகம் 3.4 கிகாஹெர்ட்ஸ். முதலில் 3.8. ஒரு மணி நேரம் சோதனை. ஓகே. அடுத்து 4.0. ஓகே. 4.2. ஓகே, ஆனால் சூடு 88 டிகிரி. நூறை நெருங்கினால் ப்ராஸஸர் தானே பயந்து வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்புறம் ஓவர்க்ளாக் செய்து என்ன பிரயோஜனம்?

சூட்டுக் கணக்கை இங்கே சொல்லிவிடுகிறேன். வேகத்தை மட்டும் பத்து சதவிகிதம் கூட்டினால் சூடும் சுமார் பத்து சதவிகிதம் கூடும். ஆனால் ஒரு கட்டத்துக்கு மேல் வேகம் வேண்டுமானால் வோல்ட்டேஜையும் ஏற்ற வேண்டியிருக்கும். வோல்ட்டேஜின் விளைவு வர்க்கத்தில் வரும். இரண்டையும் பத்துப் பத்து சதவிகிதம் ஏற்றினால், சூடு 33 சதவிகிதம் கூடிவிடும்! இன்னொன்று: வெளிநாட்டுக்காரன் 22 டிகிரி அறையில் உட்கார்ந்து "எனக்கு 72 டிகிரிதான் வந்தது" என்பான். கூலர் செய்வது அறைக் காற்றோடு ஒப்பிட்டுக் குறைப்பதுதான். அறை 38 என்றால் அந்தப் 16 டிகிரியை அப்படியே கூட்டிக்கொள்ளுங்கள், 88. அவனுடைய கணக்கு அனந்தபுரத்துக்கு ஆகாது.

பையன் தயாராகத்தான் இருந்தான். செப்புக் குழாய் வைத்த பெரிய கூலர் ஒன்றை, இரண்டாயிரம் ரூபாய்க்கு, முன்கூட்டியே வாங்கி ஒளித்து வைத்திருந்தான். மாட்டினோம். 4.2-ல் சூடு 71-க்கு இறங்கியது. கேம்ஸில் 57 ஃப்ரேம்!

"மாமா... 4.6 போலாமா?"

என் இருபத்தைந்து வயசு என் எதிரில் நின்று கேட்டது. "சரி, போய்ப் பார்" என்றேன். அனுபவத்தைவிட நல்ல வாத்தியார் உண்டா? வோல்ட்டேஜை ஏற்றி 4.6. கேம்ஸ் ஜம்மென்று ஓடியது. 60-ஐத் தொட்டது. பையன் துள்ளினான்.

"இப்ப அந்த முகூர்த்தத்தை ரெண்டர் போடு" என்றேன்.

கேம்ஸ் விட்டு விட்டு உழைக்க வைக்கும். வீடியோ ரெண்டர் அப்படி இல்லை, மூச்சு விடாமல் நாலு தலையையும் பிழியும். பதினேழாவது நிமிஷம் ஸ்க்ரீன் நீலமானது. மறுபடி கிளப்பினோம். எடிட்டிங் ப்ராஜெக்ட்டைத் திறந்தால் 'ஃபைல் பழுதாகிவிட்டது' என்றது.

பையன் முகத்தில் ரத்தமே இல்லை. வாய் திறந்து எதுவும் கேட்கவில்லை. நானும் ஒன்றும் பேசாமல் அந்த வெளி டிஸ்க்கை எடுத்துச் செருகினேன். மாப்பிள்ளை தாலியும் கையுமாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

ஐம்பது நிமிஷத்துக்கு முகத்தைத் தூக்கி வைத்திருந்த பிள்ளை, இப்போது என் கையைப் பிடித்துக்கொண்டான்.

தேசிங்குராஜன் குதிரை

4.2-க்கே திரும்பி வந்தோம். ராத்திரி முழுக்க ரெண்டர் ஓட விட்டோம். காலையில் வேலை முடிந்திருந்தது, ஒரு பிசிறில்லாமல். கணக்குப்படி முன்பு மூன்று மணி நேரம் எடுத்த ரெண்டர் இப்போது இரண்டரை மணிக்குள் முடியும். உண்மையில் அவனுக்கு லாபம் கேம்ஸில் இல்லை, இதில்தான்.

"ஆனா அறுபதுக்கு மூணு குறையுதே மாமா" என்றான் மனசு ஆறாமல்.

"உன் மானிட்டர் செகண்டுக்கு எத்தனை படம் காட்டும்?"

"அறுபது."

"அப்ப நூறு வந்தாலும் நாற்பது தண்டம்தானே? இப்ப ரெசல்யூஷனையும் படத்தோட தரத்தையும் உச்சத்துக்கு ஏத்து."

ஏற்றினான். வேகம் அதே 57. படமோ கண்ணாடி மாதிரி! சும்மா வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த பெயின்டர்களுக்கு வேலை கொடுத்தாயிற்று. பணம் செலவழிக்க முடியாதவர்களுக்கு, ஓவர்க்ளாக் செய்ய முடியாதவர்களுக்கும்கூட, இது ஒரு வழி. ஓவியரை வேகப்படுத்த முடியாவிட்டால், பெயின்டர்களை நுணுக்கமாக அடிக்கச் சொல்லுங்கள். படம் துள்ளித் துள்ளி வந்தால் கேம்ஸின் உச்ச வேகத்துக்கு ஒரு வரம்பு கட்டிவிடுங்கள். ஏறி இறங்கும் அறுபதைவிட, சீரான ஐம்பது கண்ணுக்கு இதம்.

செஞ்சிக்காரர்கள் தேசிங்குராஜன் கதையை எல்லோருக்கும் சொல்வார்கள். டில்லியில் யாராலும் அடக்க முடியாத குதிரையை அடக்கியவன் என்று கதைப்பாடலில் வரும். குதிரையைப் புரிந்துகொண்டு ஓட்டியதால்தான் அது ஓடியது. ஆனால் 1714-ல் ஆற்காட்டு நவாபின் பெரிய படையோடு சிறு படையை வைத்துக்கொண்டு மோதி, இளம் வயதிலேயே போரில் விழுந்தான். வேகம் வேறு, நிதானம் வேறு. இரண்டும் வேண்டியிருக்கிறது.

உலக சாதனைக்காரர்கள் கதை தனி. 2011-ல் ஏ.எம்.டி.யின் எஃப்.எக்ஸ். சில்லை திரவ ஹீலியத்தில் உறைய வைத்து 8.429 கிகாஹெர்ட்ஸ் ஓட்டி கின்னஸில் இடம் பிடித்தார்கள். பிற்பாடு 9-ஐயும் தாண்டிவிட்டார்கள். அதெல்லாம் சில நிமிஷ சர்க்கஸ். அந்த மெஷினில் யாரும் முகூர்த்த வீடியோ எடிட் பண்ணுவதில்லை!

இன்னொரு பாடமும் உண்டு. இன்டெல்லின் 13, 14-ம் தலைமுறை டெஸ்க்டாப் சில்லுகள் சில, காரணம் புரியாமல் நின்று நின்று போயின. 2024-ல் கம்பெனியே ஒப்புக்கொண்டது: தேவைக்கு மேல் வோல்ட்டேஜ் போனதால் வந்த வினை. வாரன்ட்டியை இரண்டு வருஷம் நீட்டித்துக் கொடுத்தார்கள். தயாரித்தவர்களுக்கே வோல்ட்டேஜ் விஷயத்தில் கை சறுக்குகிறது என்றால், நாம் எம்மாத்திரம்? அதிக வோல்ட்டேஜ் எல்லா நேரமும் சில்லை உடனே கொல்லாது. நாள் கணக்கில், மாசக் கணக்கில் அரித்துக் கொல்லும்.

கிளம்புமுன் ஒரு நிமிஷம்!

உங்களுக்கும் கை துறுதுறுக்கிறதா? இதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

லேப்டாப்பா? விட்டுவிடுங்கள். அதிலும் 2011-லிருந்து அரசாங்கம் மாணவர்களுக்குக் கொடுத்த லேப்டாப்பை வைத்துக்கொண்டு இந்த விஷப்பரீட்சை வேண்டவே வேண்டாம். அந்த ஒல்லி உடம்புக்குள் கூடுதல் சூட்டுக்கு இடமில்லை. தூசி தட்டுங்கள், போதும்.

முதலில் காப்பி, பிறகு தூசி, பிறகு மெமரி, கடைசியில்தான் வேகம். வரிசை மாறக்கூடாது.

ஒரு நேரத்தில் ஒரு படி. ஒவ்வொரு படியிலும் நீங்கள் உண்மையில் செய்யும் வேலையை வைத்தே சோதியுங்கள். கோடையில் சோதித்தது மார்கழியில் ஓடும். மார்கழியில் சோதித்தது கோடையில் ஓடும் என்று உத்தரவாதமில்லை.

வாரன்ட்டி காலம் முடியாத சாமானில் கை வைக்குமுன், அதில் சின்ன எழுத்தில் என்ன போட்டிருக்கிறது என்று படியுங்கள். யூ.பி.எஸ்.ஸும் பவர் சப்ளையும் கூடுதல் பாரத்தைத் தாங்குமா என்று பாருங்கள்.

ஒரு கழுத்தை அகலப்படுத்தினால் வேறொரு கழுத்து தெரியும். அது முடிவில்லாத கதை. எங்கே நிறுத்துவது என்று முதலிலேயே தீர்மானியுங்கள். அக்கா மகனுடைய ப்ராஸஸருக்கு விண்டோஸ் 11 அதிகாரப்பூர்வமாகக் கிடையாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான சப்போர்ட்டும் 2025 அக்டோபரோடு முடிந்துபோன கதை. ஆகவே இந்த ஓவர்க்ளாக் அவனுக்கு நிரந்தர வைத்தியம் அல்ல. புதுசு வாங்கக் காசு சேர்க்கும்வரை கிடைத்த மூச்சு. அவ்வளவுதான். கார்டு வீணாகவில்லை, அடுத்த கம்ப்யூட்டருக்கும் கூடவே வரும்.

கிளம்பும்போது அக்கா கேட்டாள். "கரண்ட் பில் ஏறுமாடா?"

கணக்குப் போட்டேன். கூடுதலாக ஐம்பது வாட், ராத்திரி நாலு மணி நேரம், இரண்டு மாசத்துக்குப் பன்னிரண்டு யூனிட்.

"பன்னண்டு யூனிட்தான்க்கா. ஸ்லாப் தாண்டாம பாத்துக்கோ."

"அது சரி... அந்தப் பொட்டிக்குள்ள புதுசா சுத்துதே ஃபேன், எவ்வளவு?"

பையன் என்னைப் பார்த்தான். நான் கோட்டை இருக்கும் திசையைப் பார்த்தேன். "ரெண்டாயிரம்" என்றான் மெதுவாக.

அக்கா புடவைத் தலைப்பால் நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டாள். காலை நாலரை மணியிலிருந்து அடுப்படியில் நிற்கிறாள்.

"பொட்டிக்குச் சூடு தாங்காதுன்னு ஃபேன் வாங்கினீங்க. நல்லது. எத்தனை வருஷமா அடுப்படிக்கு ஒரு ஃபேன் கேக்கறேன்?"

இரண்டு பேருக்கும் பேச்சு வரவில்லை. பஸ் ஏறுமுன் பையன் காதோடு காதாகச் சொன்னான்: "மாமா, அடுத்த முகூர்த்த வீடியோ காசு வந்ததும் மொதல் வேலை அதுதான்."

போன வாரம் ராத்திரி பத்தரைக்குப் போன் வந்தது. அடுப்படியில் ஃபேன் மாட்டியாயிற்றாம். அக்கா ஃபுல் ஸ்பீடில் வைத்திருக்கிறாளாம்.